ரூட் இல்லாத கணினியிலிருந்து மெஷ்ஷுக்குள்: டெய்ல்ஸ்கேலை பிராக்ஸியாக ஓட்டுவது

பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரின் லாகின் நோடில் (எல்லோரும் முதலில் நுழையும் கணினியில்) உங்களுக்கு ஒரு யூசர் கணக்கு இருக்கிறது, சூடோ, அதாவது ரூட் எனப்படும் நிர்வாகி உரிமை, கிடையாது. வேண்டிய டேட்டாவோ லேபில் உள்ள ஒரு சர்வரில், டெய்ல்ஸ்கேல் என்னும் மென்பொருள் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கும் தனிப்பட்ட நெட்வொர்க்கான மெஷ்ஷுக்குள், இணையத்திலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாத இடத்தில் இருக்கிறது. டெய்ல்ஸ்கேலை வழக்கமான முறையில் நிறுவப் போனால் ரூட் கேட்கும். அந்த இடத்திலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. ஆனால் ரூட் இல்லாமல் ஓடும் மெஷ் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன: இங்கே நெட்வொர்க்கில் சேர்வது கணினி இல்லை, உங்கள் கணக்கில் ஓடும் ஒரே ஒரு ப்ராசஸ். பிங் ஏன் போகவில்லை, பெயர் ஏன் தெரியவில்லை என்பதற்கும் அதுதான் விடை. அந்தக் கணினியில் இருக்கும் மற்றவர்கள் உங்கள் நெட்வொர்க்குக்குள் எப்படி நுழைந்துவிட முடியும் என்பதற்கும் அதே விடைதான். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பெரும்பாலான வழிகாட்டிகள் அதைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

ரூட் எதற்குத் தேவைப்படுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். டெய்ல்ஸ்கேலின் அடியில் இருப்பது வயர்கார்ட் என்னும் மறையாக்கச் சுரங்கவழி (விபிஎன்) நெறிமுறை. வயர்கார்ட் அனுப்புவது யுடிபி பாக்கெட்டுகளை. ஒரு யுடிபி சாக்கெட்டைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சாவி உருவாக்குவது, பாக்கெட்டை மறையாக்கம் செய்வது, இடையில் நின்று பாக்கெட்டுகளைக் கைமாற்றும் ரிலே சர்வரோடு பேசுவது எல்லாம் சாதாரண யூசர் செய்யக்கூடிய வேலைகள். சிக்கல் அடுத்த படியில்தான். மற்ற நிரல்கள் அனுப்பும் பாக்கெட்டுகள் இந்த ப்ராசஸின் கைக்கு வர வேண்டுமென்றால் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) டன் என்னும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு ஒன்றை உருவாக்க வேண்டும், ரூட்டிங் பட்டியலைத் திருத்த வேண்டும், டிஎன்எஸ் அமைப்பை மாற்ற வேண்டும். இவை மொத்தக் கணினியையும் பாதிப்பவை. அதனால் லினக்ஸ் இவற்றுக்கு நெட்வொர்க் நிர்வாக உரிமை கேட்கிறது. கேட்பது நியாயம்தான்.

ஆக, கெர்னலைத் தொடாமல் பாக்கெட்டுகளைக் கைமாற்ற ஒரு வழி இருந்தால் போதும். டெய்ல்ஸ்கேல் அதற்காக ஒரு முழு டிசிபி/ஐபி அடுக்கையே தன் ப்ராசஸுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. கூகுளின் ஜிவைசர் திட்டத்திலிருந்து எடுத்த நெட்ஸ்டாக் அது. உங்கள் நிரல் ஒரு சாதாரண பிராக்ஸி இணைப்பைத் திறந்து "இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு" என்று சொல்கிறது. டெய்ல்ஸ்கேலின் டீமன் (பின்னணியில் ஓடும் ப்ராசஸ்) அதைத் தன் சொந்த அடுக்கில் டிசிபி இணைப்பாக மாற்றி, வயர்கார்டில் பொதிந்து அனுப்புகிறது. கெர்னலைப் பொறுத்தவரை நடப்பது இரண்டே விஷயம்: லோக்கல்ஹோஸ்டில் (கணினி தனக்குள்ளேயே பேசும் முகவரியில்) ஒரு டிசிபி இணைப்பு, வெளியே கொஞ்சம் யுடிபி. பிராக்ஸிக்கான பேச்சுவழக்கு சாக்ஸ்5. 1996-இல் ஆர்எஃப்சி 1928 ஆக வந்தது, இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் தெரியும்.

தொடங்கும் முன் அனுமதி. தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது என்பதால் நிறுவனமும் இடம் கொடுக்கும் என்று ஆகாது. பல கணினி மையங்களின் பயன்பாட்டு விதிகளில் சுரங்கவழி இணைப்புகளைப் பற்றித் தனியாக ஒரு வரி இருக்கும். நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எதற்காக, எந்தத் திசையில், எத்தனை நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள். இனி வரும் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்திருந்தால் அந்த மின்னஞ்சலை எழுதுவதும் எளிது.

டீமனை ஓட்டுவது

டெய்ல்ஸ்கேல் தன் லினக்ஸ் பைனரிகளைச் சுருக்கிய கோப்பாகத் தருகிறது. கோ மொழியில் எழுதி ஸ்டாடிக்காகக் கட்டியவை, எந்த லைப்ரரியையும் தேடாது. உங்கள் பிராசசருக்கு உரியதை இறக்கி, விரித்து, இரண்டு பைனரிகளையும் ஹோம் ஃபோல்டரில் ஓரிடத்தில் வைத்தால் நிறுவல் முடிந்தது. சில மையங்களில் ஹோம் ஃபோல்டர் நோஎக்ஸெக் ஆக மவுண்ட் ஆகியிருக்கும். அங்கே எந்தப் பைனரியும் ஓடாது, அனுமதி இல்லை என்ற பிழை மட்டும் வரும். தற்காலிகக் கோப்புகளுக்கான ஸ்க்ராட்ச் பகுதியில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து இரண்டு ஃபோல்டர்கள் வேண்டும்: ஒன்று டீமன் தன் நிலையைச் சேமிக்கும் ஸ்டேட்டுக்கு, இன்னொன்று டீமனுக்குக் கட்டளை போகும் கட்டுப்பாட்டு சாக்கெட்டுக்கு. இரண்டுக்கும் அனுமதி 700, அதாவது உரிமையாளர் மட்டும் தொடலாம். இது சம்பிரதாயம் இல்லை. ஸ்டேட் ஃபோல்டரில் இருப்பது உங்கள் நோடின் தனிச் சாவி. அதைப் பிரதி எடுத்துச் செல்பவர் உங்கள் நெட்வொர்க்கில் நீங்களாகவே நிற்க முடியும். கிளஸ்டரில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஹோம் ஃபோல்டர் என்எஃப்எஸ் என்னும் நெட்வொர்க் கோப்பு அமைப்பு வழியாக எல்லா நோடுகளிலும் ஒன்றாகவே தெரியும். லாகின் நோடு ஒன்றில் ஒரு டீமன், இரண்டில் இன்னொன்று, இரண்டும் அதே ஸ்டேட்டைப் படித்தால், ஒரே சாவி இரண்டு இடத்திலிருந்து பேசும். இணைப்பு இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும், காரணமே பிடிபடாது. ஸ்டேட் ஃபோல்டரின் பெயரில் கணினியின் பெயரைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

சாக்கெட்டை என்எஃப்எஸ்ஸில் வைக்காமல் அந்த நோடின் சொந்த டிஸ்க்கில், தற்காலிகப் பகுதியில் உங்களுக்கென்று உருவாக்கிய 700 ஃபோல்டரில் வையுங்கள். யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதைக்கு லினக்ஸில் 108 பைட் வரம்பு இருக்கிறது. கிளஸ்டர்களில் வழங்கும் நீளமான பாதைகள் அதை எளிதாகத் தாண்டிவிடும். சிஸ்டம்டி உருவாக்கித் தரும் யூசர் ரன்டைம் ஃபோல்டர் வசதியாகத் தெரியும், ஆனால் உங்கள் கடைசி லாகின் முடிந்ததும் அது காணாமல் போகும், சாக்கெட்டும் கூடவே போய்விடும்.

டீமனின் பெயர் டெய்ல்ஸ்கேல்டி. அதற்குக் கொடுக்க வேண்டியவை: டன் என்ற ஃப்ளாகுக்கு யூசர்ஸ்பேஸ்-நெட்வொர்க்கிங் என்ற மதிப்பு, ஸ்டேட்டிர் என்பதற்கு ஸ்டேட் ஃபோல்டரின் பாதை, சாக்கெட் என்பதற்கு சாக்கெட் கோப்பின் பாதை, சாக்ஸ்5-சர்வர் என்பதற்கு எடுத்துக்காட்டாக லோக்கல்ஹோஸ்ட் 1055. எச்டிடிபி பிராக்ஸி மட்டுமே தெரிந்த நிரல்களும் இருந்தால் அவுட்பவுண்ட்-எச்டிடிபி-பிராக்ஸி-லிசன் என்பதையும் சேர்க்கலாம். இரண்டுக்கும் ஒரே போர்ட்டைக் கொடுத்தாலும் டீமன் வருவது எது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளும். முதல் ஃப்ளாகை மறந்தால் டன் கருவியைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நிற்கும்.

1055 என்பது டெய்ல்ஸ்கேலின் ஆவணங்களில் வரும் எடுத்துக்காட்டு எண். பொதுக் கணினியில் அதையே பயன்படுத்தாதீர்கள். அதே ஆவணத்தைப் படித்த இன்னொருவர் ஏற்கெனவே அந்தப் போர்ட்டைப் பிடித்திருந்தால் உங்கள் டீமனுக்கு அந்தப் போர்ட் கிடைக்காது, பிழையோடு நின்றுவிடும். பின்னணியில் ஓட்டிவிட்டு லாகைப் பார்க்காமல் இருந்தால், உங்கள் ப்ரௌசரும் எஸ்எஸ்எச்சும் அவருடைய டீமன் வழியாக, அவருடைய நெட்வொர்க்கைத் தேடிப் போகும். 20000-க்கு மேல் ஏதாவது ஒரு எண்ணை எடுத்து, அது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

டீமன் ஓடத் தொடங்கியதும் டெய்ல்ஸ்கேல் கட்டளையில் அப் கொடுக்க வேண்டும். சாக்கெட் ஃப்ளாகை ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் லோக்கல் டெய்ல்ஸ்கேல்டியோடு பேச முடியவில்லை என்று வரும். ஷெல்லில் ஒரு ஏலியஸ் போட்டுக்கொள்வது நல்லது. கட்டளை ஓர் இணைய முகவரியை அச்சிடும், அதை உங்கள் ஃபோனிலோ லேப்டாப்பிலோ திறந்து உள்நுழைந்தால் நோடு சேர்ந்துவிடும். ப்ரௌசர் இல்லாமல் தானாகச் சேர வேண்டும் என்றால் அங்கீகாரச் சாவி ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம். அதைக் கட்டளை வரியில் அப்படியே ஒட்டாதீர்கள். பிஎஸ் கட்டளை போடும் எவருக்கும் அது தெரியும், ஷெல்லின் வரலாற்றிலும் தங்கும். சாவியை 600 அனுமதி உள்ள கோப்பில் வைத்து, மதிப்பின் இடத்தில் ஃபைல் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் பாதையும் கொடுத்தால் டெய்ல்ஸ்கேல் தானே படித்துக்கொள்ளும். பேட்ச் ஜாபுக்குள் சில மணி நேரத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் ஸ்டேட்டை மெமரியிலேயே வைக்கும் வழி உண்டு. டிஸ்க்கில் எதுவும் எழுதாது, ப்ராசஸ் முடிந்த பின் நோடு தானாகவே பட்டியலிலிருந்து நீங்கும்.

வெளியேறிய பிறகும் டீமன் ஓட வேண்டும் என்றால் டிமக்ஸ் அல்லது நோஹப் பெரும்பாலும் போதும். சில இடங்களில் லாகவுட் ஆனதும் யூசரின் எல்லா ப்ராசஸ்களையும் சிஸ்டம்டி கொன்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்போது லிங்கர் என்ற வசதியை இயக்க வேண்டியிருக்கும், அதற்கு நிர்வாகியின் சம்மதம் தேவைப்படலாம். லாகின் நோடு நான்கைந்து இருக்கும் மையங்களில் நேற்று நுழைந்த நோடும் இன்று நுழைந்த நோடும் ஒன்றாக இருக்காது. பிராக்ஸி செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் எந்த நோடில் நிற்கிறோம் என்று பாருங்கள்.

நிரல்களைத் திருப்பிவிடுவது

முதல் சோதனைக்கு பிங் போடாதீர்கள். பிங் அனுப்புவது ஐசிஎம்பி. அது கெர்னல் வழியாகப் போகிறது, கெர்னலுக்கோ 100.64.0.0/10 என்ற டெய்ல்ஸ்கேல் முகவரி வரம்புக்கு வழியே தெரியாது. பதில் வராது, எல்லாம் சரியாக இருந்தாலும் வராது. டெய்ல்ஸ்கேலுக்குள்ளேயே ஒரு பிங் கட்டளை இருக்கிறது. அதன் விடையை நிதானமாகப் படிக்க வேண்டும். முதல் வரியில் டெர்ப் (டெய்ல்ஸ்கேலின் ரிலே) என்றும் அடைப்புக்குறிக்குள் ஓர் ஊரின் சுருக்கப் பெயரும் இருக்கும். பாக்கெட் அந்த ஊரின் ரிலே வழியாகப் போய் வந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, மூன்றாவது வரியில் டெர்ப் மறைந்து எதிர்முனையின் ஐபி முகவரியும் போர்ட்டும் வந்தால் நேரடி வழி கிடைத்துவிட்டது, மில்லிசெகண்டும் இறங்கியிருக்கும். கடைசி வரை டெர்ப்பாகவே இருந்தால் அந்த மையத்தின் ஃபயர்வால் யுடிபியைத் தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். நெட்செக் கட்டளையின் விடையில் யுடிபி என்ற வரி ஃபால்ஸ் என்று காட்டினால் சந்தேகம் உறுதி.

யுடிபி தடைபட்டாலும் இணைப்பு ஓடும், ஏனென்றால் டெர்ப் 443 போர்ட்டில் சாதாரண எச்டிடிபிஎஸ் போலப் பேசும். ரிலேக்கு உள்ளடக்கம் தெரியாது, அது கைமாற்றுவது ஏற்கெனவே மறையாக்கம் செய்த பாக்கெட்டுகளை. ஆனால் வேகம் விழும். டிசிபிக்குள் டிசிபி ஓடுவதால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் இரண்டு அடுக்குகளும் தனித்தனியாகத் தயங்கும். அந்த ரிலே எல்லோருக்கும் பொதுவானது என்பதையும் மறக்கக்கூடாது. கட்டளை கொடுக்க, நோட்புக் பார்க்க, சிறு கோப்புகளை இழுக்க இது போதும். நூற்றுக்கணக்கான ஜிபி டேட்டாவை இதில் நகர்த்த நினைக்காதீர்கள். அதற்கு அந்த மையமே டேட்டா பரிமாற்ற நோடு வைத்திருக்கும்.

இணைய முகவரிகளிலிருந்து டேட்டாவை எடுக்கும் கர்ல் கட்டளையில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஒரே ஓர் எழுத்தில். பிராக்ஸி முகவரியின் தொடக்கத்தில் சாக்ஸ்5 என்று எழுதினால் கர்ல் பெயரை இந்தக் கணினியின் டிஎன்எஸ்ஸிலேயே தேடும். உங்கள் லேப் சர்வரின் பெயர் அங்கே இருக்காது, ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். சாக்ஸ்5எச் என்று எழுதினால் பெயரை அப்படியே டீமனிடம் கொடுத்துவிடும். மேஜிக்டிஎன்எஸ் பெயர்கள், அதாவது டெய்ல்ஸ்கேல் தன் நோடுகளுக்குத் தரும் பெயர்கள், டீமனுக்குத் தெரியும். எண் முகவரி போட்டால் வேலை செய்கிறது, பெயர் போட்டால் செய்யவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை இந்த எச் விடுபட்டிருக்கும். கிட்டின் எச்டிடிபி பிராக்ஸி அமைப்பிலும் இதே விதிதான். ஃபயர்ஃபாக்ஸில் சாக்ஸ் வி5-ஐத் தேர்ந்தெடுத்த பின், டிஎன்எஸ்ஸையும் பிராக்ஸி வழியாக அனுப்பு என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். குரோம் சாக்ஸ்5 என்றாலே பெயரை பிராக்ஸியிடம்தான் கேட்கும்.

சூழல் மாறிகளிலும் சில கோணல்கள் உண்டு. ஆல் பிராக்ஸி என்ற மாறியை கர்ல் மதிக்கும், ஆனால் எச்டிடிபி பிராக்ஸி மாறியைச் சிறிய எழுத்தில் மட்டும்தான் ஏற்கும். பெரிய எழுத்தில் அந்தப் பெயர் சிஜிஐ சர்வர்களில் வெளியாட்கள் திணிக்கக்கூடியதாக இருக்கிறது, அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸுக்கு பைசாக்ஸ் தொகுப்பு இருந்தால்தான் சாக்ஸ் புரியும். இல்லாவிட்டால் சாக்ஸ் ஆதரவுக்கான சார்பு இல்லை என்று பிழை வரும். இந்த மாறிகளை பாஷ்ஆர்சியில் நிரந்தரமாகப் போடாதீர்கள். டீமன் நின்றுபோன அன்று பிப்பும் கிட்டும் சேர்ந்து நிற்கும், காரணத்தைத் தேடி அரை நாள் போய்விடும். தேவைப்படும் கட்டளைக்கு முன்னால் மட்டும் வைத்தால் போதும்.

சாக்ஸே தெரியாத நிரலுக்கு பிராக்ஸிசெயின்ஸ் உதவும். அது நிரலின் லைப்ரரி அழைப்புகளை இடைமறித்து வேலை செய்வதால் ஸ்டாடிக்காகக் கட்டிய கோ நிரல்களில் எடுபடாது. யுடிபி தேவைப்படும் நிரல்களைப் பொறுத்தவரை, நிரல்கள் பக்கம் சாக்ஸ் வழியான யுடிபி ஆதரவு மிகக் குறைவு. அந்தப் பாதையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எஸ்எஸ்எச்சுக்குத்தான் மிக நேர்த்தியான வழி இருக்கிறது. டெய்ல்ஸ்கேல் கட்டளைக்குள் என்சி என்று ஒரு துணைக் கட்டளை உண்டு. ஒரு ஹோஸ்டையும் போர்ட்டையும் கொடுத்தால் அதோடு இணைத்துத் தன் உள்ளீடு வெளியீட்டோடு கோத்துவிடும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் அந்த சர்வருக்கான பகுதியில் பிராக்ஸிகமாண்ட் என்ற வரியில் இதை வைத்து, ஹோஸ்டுக்கும் போர்ட்டுக்கும் எஸ்எஸ்எச்சின் சதவீதக் குறியீடுகளைக் கொடுத்தால் முடிந்தது. எஸ்சிபி, ஆர்சிங்க், எஸ்எஸ்எச் வழி கிட் எல்லாம் அதன் மேல் அப்படியே ஓடும். இதற்கு சாக்ஸ் போர்ட்டே தேவையில்லை. இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது கீழே வருவதைப் படித்தால் புரியும்.

பொதுக் கணினியில் திறந்து கிடக்கும் கதவு

லோக்கல்ஹோஸ்ட் என்றால் எனக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொந்த லேப்டாப்பில் அது கிட்டத்தட்ட உண்மை. நூறு பேர் நுழையும் லாகின் நோடில் 127.0.0.1 நூறு பேருக்கும் பொது. டெய்ல்ஸ்கேலின் சாக்ஸ் பிராக்ஸி கடவுச்சொல் கேட்காது. எனவே அந்தப் போர்ட் எண் தெரிந்த எந்த யூசரும் கர்ல் போட்டு உங்கள் மெஷ்ஷுக்குள் போகலாம், போகிறவர் எதிர்முனைக்கு நீங்களாகவே தெரிவார். போர்ட் எண்ணை யாரும் ஊகிக்கக்கூட வேண்டாம், எஸ்எஸ் கட்டளை கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் போர்ட்டுகளையும் வரிசையாகக் காட்டும். டெய்ல்ஸ்கேல் முழுவதையும் மறையாக்கம் செய்கிறதே என்பது இங்கே உதவாது. டீமனைத் தாண்டிய பிறகுதான் மறையாக்கம், பிராக்ஸிக்கும் நிரலுக்கும் இடையில் அது இல்லை.

ஆகவே பொதுக் கணினியில் என் பரிந்துரை: சாக்ஸ் ஃப்ளாகையே கொடுக்காதீர்கள். டீமனை பிராக்ஸி இல்லாமல் ஓட்டி, 700 ஃபோல்டருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு சாக்கெட் வழியாக என்சி துணைக் கட்டளையை மட்டும் பயன்படுத்துங்கள். கோப்பு அனுமதி யூசரைப் பார்த்துத் தடுக்கும், டிசிபி போர்ட் யாரையும் தடுக்காது. சாக்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் தேவைப்படும் நேரம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். கன்டெய்னரிலோ, நீங்கள் ஒருவரே பயன்படுத்தும் மெய்நிகர் கணினியிலோ இந்தக் கட்டுப்பாடு வேண்டாம், அங்கே சாக்ஸைத் தாராளமாகத் திறக்கலாம்.

எதிர்த்திசையும் கவனிக்க வேண்டியது. யூசர்ஸ்பேஸ் முறையில் மெஷ்ஷிலிருந்து உங்கள் நோடுக்கு வரும் டிசிபி இணைப்பை டீமன் அதே எண் கொண்ட லோக்கல்ஹோஸ்ட் போர்ட்டுக்குக் கைமாற்றிவிடும். அதாவது லாகின் நோடில் யாரோ ஒருவர் "உள்ளூரில் மட்டும்தானே" என்று நம்பி லோக்கல்ஹோஸ்டில் ஓட்டும் ரெடிஸ் டேட்டாபேஸ் உங்கள் டெய்ல்நெட்டில் (உங்கள் டெய்ல்ஸ்கேல் நெட்வொர்க்கில்) இருப்பவர்களுக்குத் திறந்துவிடும். அந்த சர்வீஸின் கண்ணுக்கு இணைப்பு 127.0.0.1-இலிருந்து வந்ததாகவே தெரியும். அடுத்தவருடைய சர்வீஸை அவருக்குத் தெரியாமல் வெளியே காட்டுவது நிர்வாகிகள் மன்னிக்காத தவறு, அவர்கள் மன்னிக்கவும் கூடாது. அப் கட்டளையில் ஷீல்ட்ஸ்-அப் என்ற ஃப்ளாகைச் சேர்த்தால் உள்வரும் இணைப்புகள் எல்லாம் நின்றுவிடும். வெளியே போவது மட்டும் வேண்டியவர்கள் இதை எப்போதும் போட வேண்டும்.

மூன்றாவது தடுப்பு டெய்ல்நெட்டின் அணுகல் விதிகளில் இருக்கிறது. புதிதாக உருவாக்கிய டெய்ல்நெட்டில் எல்லோரும் எல்லோரையும் தொடலாம் என்பதுதான் தொடக்க விதி. லாகின் நோடில் ரூட் உரிமை உள்ளவர் உங்கள் ஸ்டேட் கோப்பைப் படிக்க முடியும், நீங்கள் 700 வைத்தாலும் முடியும். அவரை நம்புகிறீர்கள் என்றாலும் அந்தக் கணினி ஒருநாள் உடைக்கப்படலாம். எனவே இந்த நோடுக்கு ஒரு டேக் (அடையாளப் பெயர்) கொடுத்து, அந்த டேக் லேப் சர்வரின் 22 போர்ட்டை மட்டும் தொடலாம் என்று விதி எழுதுங்கள். வீட்டு ரவுட்டர், குடும்பப் புகைப்படங்கள், மற்ற சர்வர்கள் எதுவும் அதன் கண்ணுக்கே படாது. டேக் கொடுத்த நோடுகளுக்குச் சாவிக் காலாவதி இயல்பாக இருக்காது. டேக் இல்லாதவற்றுக்கு 180 நாள். காலாவதி இல்லாதது நீண்ட வேலைகளுக்கு வசதி. அதே காரணத்தால் வேலை முடிந்ததும் கையால் நீக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

கணக்கீட்டு வேலைகள் ஓடும் கம்ப்யூட் நோடுகள் தனிக் கதை. பல மையங்களில் அவற்றுக்கு இணையமே கிடையாது, லாகின் நோடோடு மட்டும்தான் பேசும். அங்கிருந்து மெஷ்ஷைத் தொட வேண்டும் என்றதும் கை தானாக சாக்ஸ் முகவரியை 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும் கேள்) என்று மாற்றப் போகும். மாற்றினால் கடவுச்சொல் இல்லாத பிராக்ஸி ஒன்றை மொத்த வளாக நெட்வொர்க்குக்கும் திறந்து வைத்ததாக ஆகிவிடும். டெய்ல்நெட்டில் இல்லாத முகவரி கேட்டால் அது சாதாரண இணையத்துக்கும் வழி விடும் என்பதால் ஆபத்து உங்கள் மெஷ்ஷோடு நிற்காது. செய்ய வேண்டியது வேறு: கம்ப்யூட் நோடின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் பிராக்ஸிகமாண்டாக, லாகின் நோடுக்கு எஸ்எஸ்எச் செய்து அங்கே டெய்ல்ஸ்கேலின் என்சியை ஓட்டு என்று எழுதுங்கள். இரண்டு கட்டமும் எஸ்எஸ்எச்சின் பாதுகாப்பில் போகும், எந்தப் போர்ட்டும் புதிதாகத் திறக்காது.

லேப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் தனிப்பட்ட நெட்வொர்க்கைத் தொட வேண்டியவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: சர்வர் தன் சப்நெட்டை அறிவித்திருந்தாலும், லினக்ஸ் நோடு அக்செப்ட்-ரூட்ஸ் சொல்லாதவரை அதை ஏற்காது. யூசர்ஸ்பேஸ் முறையிலும் அப்படித்தான்.

டெய்ல்ஸ்கேல் அல்லாத இரண்டு வழிகள்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு வயர்கார்ட் சர்வர் இருந்தால் வயர்பிராக்ஸி போதும். ஒரே பைனரி, வயர்கார்டின் வழக்கமான கான்ஃபிக் கோப்பு, அதன் கீழே சாக்ஸ்5 என்ற பகுதியும் பைண்ட் முகவரியும். இதன் சாக்ஸில் யூசர் பெயரும் கடவுச்சொல்லும் வைக்க முடியும். பொதுக் கணினிக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பார்க்கலாம். கான்ஃபிக் கோப்புக்கு 600 அனுமதி கட்டாயம். ஆனால் ரிலே, ஃபயர்வாலைத் துளைத்து நேரடி வழி கண்டுபிடிப்பது எதுவும் இல்லை. யுடிபி தடைபட்ட இடத்தில் அப்படியே நின்றுவிடும்.

இக்ட்ராசில் என்னும் மெஷ் நெட்வொர்க் வேறு இயல்புடையது. அதில் கணக்கோ மையக் கட்டுப்பாட்டு சர்வரோ இல்லை. ஒவ்வொரு நோடும் தன் இடி25519 பொதுச் சாவியிலிருந்து 200::/7 வரம்பில் ஓர் ஐபிவி6 முகவரியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அதன் ரூட் தேவைப்படாத வடிவம் இக்ஸ்டாக். இதுவும் ஜிவைசரின் நெட்ஸ்டாக்கை உள்ளே வைத்து, சாக்ஸ் வழியாக வழி விடுகிறது. கான்ஃபிக் ஒன்றை உருவாக்கி, அதில் பொதுப் பியர் (நேரடியாக இணையும் நோடு) ஒன்றின் முகவரியைச் சேர்த்து, சாக்ஸ் ஃப்ளாகோடு ஓட்டினால் போதும். ஃபயர்வால் கடுமையாக இருந்தால் டிஎல்எஸ் வழியாக 443-இல் பேசும் பியராகத் தேடுங்கள். இதன் சாக்ஸை டிசிபி போர்ட்டுக்குப் பதிலாக யூனிக்ஸ் சாக்கெட்டில் திறக்க முடியும் என்பது பொதுக் கணினிக்கு மிகப் பொருத்தமானது. கர்ல் 7.84-இலிருந்து அப்படிப்பட்ட சாக்கெட்டை ஏற்றுக்கொள்கிறது. உள்வரும் திசையிலும் இக்ஸ்டாக் கட்டுப்பாடானது, எந்தப் போர்ட்டை வெளியே காட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னால் ஒழிய எதையும் காட்டாது.

ஆனால் இக்ட்ராசிலின் பொது மெஷ்ஷில் அணுகல் விதிகள் என்று எதுவும் கிடையாது. முகவரி தெரிந்த யாரும் நீங்கள் காட்டும் போர்ட்டைத் தட்டலாம். அனுமதித்த பொதுச் சாவிகள் என்ற அமைப்பு யார் உங்களோடு நேரடிப் பியராக இணையலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கும், தொலைவிலிருந்து வரும் போக்குவரத்தை வடிகட்டாது. இன்னொன்று, இரண்டு மூன்று பியர்கள் வைத்தால் அவற்றுக்கு இடையே அந்நியர்களின் பாக்கெட்டுகளும் உங்கள் நோடு வழியாகப் போகலாம். சொந்த சர்வரில் அது மெஷ்ஷுக்கு நல்ல பங்களிப்பு. நிறுவனத்தின் கணினியில் அது உங்களுக்கு உரிமையில்லாத தாராளம். அங்கே ஒரே ஒரு பியர் போதும்.

வேலை முடிந்த அன்று டெய்ல்ஸ்கேலில் லாகவுட் கொடுத்து, டீமனை நிறுத்துங்கள். டீமனை மட்டும் கொன்றால் சாவி உயிரோடு இருக்கும். நிர்வாகப் பக்கத்தைத் திறந்து நோடு பட்டியலில் மிச்சமிருந்தால் நீக்குங்கள், அங்கீகாரச் சாவி உருவாக்கியிருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். பிறகு ஸ்டேட் ஃபோல்டரை அழியுங்கள். ஹோம் ஃபோல்டருக்குத் தினசரி ஸ்னாப்ஷாட் எடுக்கும் மையங்களில் அழித்த கோப்பு இன்னும் சில வாரங்கள் அங்கே கிடக்கும். அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் சாவியைச் செல்லாததாக்குங்கள், கோப்பை அழிப்பது அப்புறம்.